செம்மலரும் பூவரசம் பூவும்

தம்மைக் காத்தோரையும் தமக்காக உயிர் நீத்தோரையும் நினைதற்பொருட்டு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கி வைத்தல் உலகத்து மக்கட் கூட்டங்கள் யாவற்றிற்கும் பொதுவானதொரு வழக்கமாகும். அந்நாளில் போர்க்களத்தினின்று மீண்டு வந்தோர் ஒருங்கு கூடுவர், மீளாதோர் பெயரைச் சொல்லுவர், உண்பர், சில கணம் வாய் மூடி நிற்பர். களிப்பும் துயரும் இவ்வாறு ஒரே நாளில் இணைந்து நிற்பது எங்ஙனம்? அந்நாளில் திரட்டப்படும் பொருள் யாரைச் சென்றடைதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் நம் நாட்டு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்களை எழுப்பியவன் யானல்லேன். என் மாணவி ஒருத்தியே. சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்தில் ஓர் அலுவலின் பொருட்டுக் கொழும்பு சென்றிருந்தேன். தெருவோரத்தில் ஒருவர் நீட்டிய உண்டியலிற் காசிட்டு, அவர் தந்த சிவப்புக் கடுதாசிப் பூவைச் சட்டையிற் குத்திக்கொண்டேன். மறுநாள் கொடகவெலவில் வகுப்பறையுள் நுழைந்தபோதும் அப்பூ அங்கேயே இருந்தது. முன் வாங்கில் இருந்த அப்பெண் எழுந்து, “சேர், இந்தப் பூவின் காசு யாருக்குப் போகும்?” என்றாள். போரில் ஊனமுற்றோர்க்கும் முதிய படைஞர்க்கும் என்றேன். “எல்லாருக்குமா?” என்றாள். அன்று அதற்கு விடை கூறாது பாடத்தைத் தொடங்கினேன். அவ்விடை சொல்லப்படாமற் கிடந்ததே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

இவ்வழக்கம் மேனாட்டிலிருந்து நமக்கு வந்ததென்று பலர் எண்ணுவர். அது முற்றும் உண்மையன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி வழிபடுதல் பண்டைத் தமிழர் வழக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல் இச்சடங்கைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து, அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் முறையாக நிகழ்ந்தது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துக் காதைகள் பல இந்நிலைகளின் பெயரையே தாங்கி நிற்றலை மாணவர் அறிவர். இது புலவர் புனைவு மட்டுமன்று. தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. இரண்டாயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட பழைமை உடையவை. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்துபட்ட ஒருவனது கல்லாகும்.

நடுகல் இறந்தோர்க்கு உரியது. மீண்டோர்க்கு உரியது யாது? அதற்கும் நம் இலக்கணம் இடம் வகுத்துள்ளது. வெட்சித் திணையின் துறைகளுள் உண்டாட்டு, கொடை என்பன அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. நிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களித்தல் உண்டாட்டு. கொணர்ந்த நிரையை வேண்டியோர்க்கெல்லாம் பகுத்து வழங்குதல் கொடை. மீண்டவர் களிப்பதைப் பழந்தமிழர் குறையாகக் கருதினாரல்லர். ஆயின், களிப்போடு அது முற்றுப்பெறுதல் கூடாதென்பதைப் பக்கத்திலேயே கொடையை வைத்துக் காட்டினர். உண்டாட்டு, கொடை, கல் என்னும் இம்மூன்றும் படைஞர் நாளின் உறுப்புக்கள் எனக் கொள்ளலாம். பின் வந்த எந்நாட்டு வழக்கத்தை நோக்கினும் இம்மூன்றும் வேறு வேறு வடிவில் இருத்தலைக் காணலாம்.

இனி, இக்காலத்து நாள் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவோம். முதலாம் உலகப் பெரும்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு நின்றது. மறு ஆண்டு அதே நாளில் அதே வேளையில் இரண்டு நிமிட மௌனம் காக்குமாறு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தம் பேரரசு முழுவதையும் வேண்டினார். இம்மௌனத்தின் ஊற்று தென்னாபிரிக்காவில் உள்ளது. கேப் டவுன் நகரில் 1918ஆம் ஆண்டு மே மாதந் தொட்டு நாள்தோறும் நண்பகலில் மக்கள் நின்றவிடத்தே நின்று மௌனம் காத்து வந்தனர். அங்கு ஒரு நிமிடம் உயிருடன் மீண்டோர்க்காக நன்றி செலுத்துதற்கும், மற்றொரு நிமிடம் வீழ்ந்தோரை நினைத்தற்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. மீண்டோர்க்கு ஒன்று, மீளாதோர்க்கு ஒன்று என்னும் இப்பகுப்பு உன்னத்தக்கது. இன்று மௌனம் காப்போருள் மிகப் பலர் இரண்டு நிமிடங்களையும் இறந்தோர்க்கே உரியனவாக எண்ணிவிடுகின்றனர்.

சிவப்புப் பூவின் கதை வேறு. பொப்பிச் செடியின் விதை மண்ணுள் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும் இயல்பினது. மண் கிளறப்பட்டு ஒளி பட்டவுடன் முளைக்கும். பெல்ஜிய, பிரெஞ்சு நிலங்களைப் பீரங்கிக் குண்டுகள் உழுதெறிந்தபின் அங்கே பொப்பிகள் செழித்துப் பூத்தமைக்கு இதுவே காரணம். கனேடியப் படை மருத்துவர் ஜோன் மக்ரே 1915ஆம் ஆண்டில் அப்பூக்களை வைத்துப் பாடிய கவிதை உலகெங்கும் பரவிற்று. அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேலும் பிரான்சு நாட்டு அன்னா கெராங் என்னும் பெண்மணியும் அப்பூவைப் படைஞர் நலனுக்குரிய அடையாளமாக்க உழைத்தனர். 1921ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரித்தானியப் படைஞர் சங்கம் அவ்வாண்டு நவம்பரிலேயே பொப்பிப் பூ விற்பனையைத் தொடங்கிற்று. ஆகவே, இப்பூ தொடக்கத்திலிருந்தே நினைவுச் சின்னமாக மட்டும் அமையாது உதவிக்குப் பொருள் திரட்டுங் கருவியாகவும் அமைந்தது. கல்லும் கொடையும் ஒரு பூவில் ஒன்றாயின எனலாம்.

நாடுகள் தத்தம் வரலாற்றிற்கேற்ப இந்நாளை வேறுபடுத்திக் கொண்டன. அமெரிக்கர் நவம்பர் 11ஆம் நாளை 1954ஆம் ஆண்டில் முன்னாள் படைஞர் நாளெனப் பெயர் மாற்றினர். இறந்தோர்க்கென மே மாதத்தில் வேறொரு நாள் அங்கு இருத்தலின், நவம்பர் நாள் உயிர் வாழும் படைஞரைச் சிறப்பித்தற்கு உரியதாயிற்று. இந்தியாவில் 1949ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7ஆம் நாள் படைகளின் கொடி நாளாகக் கொள்ளப்பட்டு, சிறு கொடிகள் வழங்கி நிதி திரட்டப்படுகின்றது. இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஓய்வு பெற்றார். அந்நாளே இந்நூற்றாண்டில் அங்கு முன்னாள் படைஞர் நாளாக அமைக்கப்பட்டது. தைப்பொங்கலும் பெரும்பாலும் அந்நாளிலேயே வருதல் தமிழர்க்குச் சுவை பயப்பதாகும். உழுதோர் உண்ணும் நாளும் பொருதோர் உண்ணும் நாளும் அங்கே ஒன்றாகின்றன.

இலங்கைக்கு வருவோம். முதற் பெரும்போர் மூண்டபோது இத்தீவு பிரித்தானியக் குடியேற்ற நாடு. தோட்டத் துரைமார்களைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பிரிவு 1914ஆம் ஆண்டில் எகிப்துக்குச் சென்றது. இலங்கையர் பலரும் தாமாகவே பிரித்தானியா சென்று படையிற் சேர்ந்தனர். போரின் பின் கொழும்புக் காலிமுகத் திடலில் நினைவுத்தூண் எழுந்தது. அதனை வரைந்தவர் இலண்டன் நினைவுச் சின்னத்தையும் வரைந்த சேர் எட்வின் லட்யன்ஸ் ஆவார். நவம்பர் 11ஆம் நாள் இங்கும் மௌனம் காக்கப்பட்டது. பொப்பிப் பூ இங்கும் விற்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளும் வாங்கினர். ஆயினும், இத்தீவின் மக்கள் இட்ட காசிற் பெரும்பகுதி கடல் கடந்து சென்று பிரித்தானியப் படைஞர்க்கே பயன்பட்டது. அதே போரில் அதே கொடியின் கீழ் நின்று மீண்ட இலங்கைப் படைஞர் வறுமையில் வாடியபோது அவர்க்குக் கிடைத்தது மிகச் சிறிதே. என் மாணவி கேட்ட வினாவை அற்றை நாளிலேயே ஒருவர் கேட்டார். அவர் தாமும் ஒரு முன்னாள் படைஞர். ஏலியன் பெரேரா என்பது அவர் பெயர்.

பெரேரா 1931ஆம் ஆண்டில் பொப்பிக்கு மாற்றாக அதே நாளில் மற்றொரு பூவை விற்கத் தொடங்கினார். சிங்களவர் சூரிய மல் என்றும் தமிழர் பூவரசம் பூ என்றும் வழங்கும் மலர் அது. அதனால் வரும் பொருள் வறிய இலங்கைப் படைஞர்க்கு உரியதென அறிவிக்கப்பட்டது. இது கலகமன்று. இறந்தோரை அவமதிக்கும் எண்ணமும் அதில் இல்லை. நினைவு எங்கு நிகழ்கின்றதோ அங்கேயே கொடையும் நிகழ்தல் வேண்டும் என்னும் எளிய நீதியே அதன் அடிப்படையாகும்.

இரண்டு ஆண்டுகளின் பின் அம்முயற்சி வேறொரு வடிவு கொண்டது. டொரீன் யங் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி ‘மலர்களின் போர்’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரையைச் சிலோன் டெய்லி நியூஸ் பத்திரிகையில் எழுதினார். தம் நாட்டுப் படைஞர் வாடியிருக்க இலங்கைப் பிள்ளைகள் பிறநாட்டுப் படைஞர்க்குப் பூ வாங்குதல் பொருந்துமோ என்று அதில் வினவினார். அதற்காகத் தம் இனத்தாரின் வசையையும் தாங்கினார். தென்கொழும்பு இளைஞர் கழகத்தார் இப்பணியைக் கையேற்றனர். 1933ஆம் ஆண்டில் சூரிய மல் இயக்கம் முறையாக அமைந்தபோது டொரீன் யங் அதன் தலைவராகத் தெரிவு செய்யப்பெற்றார். அது முதல் இரண்டாம் உலகப் போர் வரை ஒவ்வொரு நவம்பர் 11ஆம் நாளிலும் கொழும்புத் தெருக்களில் இருவகைப் பூக்கள் எதிரெதிராக விற்கப்பட்டன. பூவரசம் பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகளாதலின் திரண்ட பொருள் பெரிதன்று. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை ஒன்றன் கல்விக்கு அப்பொருள் பயன்படுத்தப்பட்டது. தெருக்களில் நிதி திரட்டுதலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் வாயிலாக அரசு இவ்வியக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்றது. படைஞர் நலன் பற்றி எழுந்த முறையீடு அதற்குள் பேரரசு எதிர்ப்பாக வளர்ந்துவிட்டது.

பூவரசு நமக்கு அயலான மரமன்று. அதன் இலையைச் சுருட்டி ஊதாத பிள்ளையும், அவ்விலையில் வைத்து அவித்த கொழுக்கட்டையை அறியாத வீடும் தமிழரிடையே அரிது. வேலிக்கும் நிழலுக்கும் மரவேலைக்கும் உதவும் மரம் அது. அதன் பூவுக்கு ஓர் இயல்பு உண்டு. காலையில் மஞ்சளாக மலர்வது மாலைக்குள் சிவந்து வாடும். தோட்டத்தில் வளர்த்தற்குரிய அழகுச் செடியை விடுத்து, உழைக்கும் மக்களின் வேலியில் நிற்கும் மரத்தின் பூவைத் தெரிந்தெடுத்தமை பொருத்தமுடைத்து.

இவ்வியக்கம் நம் சபரகமுவ மாகாணத்தோடு கொண்ட தொடர்பைப் பலர் மறந்துவிட்டனர். 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நீர் நிறைந்து ஓட வேண்டிய ஆறுகள் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்புகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட கொள்ளைநோய் மறு ஆண்டு நடுப்பகுதி வரை நீடித்து ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. மிகக் கொடிய அழிவுக்குள்ளான பகுதிகளுள் கேகாலை மாவட்டம் ஒன்றாகும். பூ விற்ற இளைஞர் உண்டியலை வைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குட் புகுந்தனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அவருட் சிலராவர். நோயினும் பட்டினியே மக்களை வீழ்த்துவதை அவர்கள் கண்டனர். உடல் வலியற்றார்க்குக் கொயினாவும் முழுப்பயன் தரவில்லை. ஆகவே மருந்தோடு உணவையும், மாமைட் சாற்றால் உருட்டிய குளிகைகளையும் வழங்கினர். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி தோன்றியதும், 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவான்வெலத் தொகுதி என். எம். பெரேராவையும் அவிசாவளைத் தொகுதி பிலிப் குணவர்த்தனவையும் அரசாங்க சபைக்கு அனுப்பியதும் இப்பணியின் தொடர்ச்சியாம். அவர்தம் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர். அஃது ஈண்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று. படைஞர்க்குரிய கொடையாகத் தொடங்கிய ஒரு பூ, படைக்கலம் ஏந்தா மக்களின் உயிரைக் காக்கும் பணியாய் முடிந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிமுகத் திடலின் நினைவுத்தூண் பகைவர் பீரங்கிக்குக் குறியாகலாம் என்றஞ்சிப் பெயர்க்கப்பட்டது. பின்னர் இன்று விகாரமகாதேவி பூங்கா எனப்படும் இடத்தில் மீண்டும் நிறுவப்பட்டது. நவம்பர் மாத நினைவுச் சடங்கு இன்றும் அங்கே நிகழ்கின்றது. முன்னாள் படைஞர் சங்கத்தார் பொப்பிப் பூ விற்கின்றனர். அதன் முதற்பூ நாட்டின் சனாதிபதிக்கு அணிவிக்கப்படுகின்றது. அப்பொருள் இன்று இந்நாட்டுப் படைஞரின் நலனுக்கே பயன்படுதலின், பெரேராவின் பழைய முறையீடு ஒருவாறு தீர்ந்ததெனலாம். 1949ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தோன்றிய இலங்கைத் தரைப்படை அந்நாளைத் தன் ஆண்டு நாளாகக் கொண்டாடுகின்றது. 2009ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்றபின், மே 19ஆம் நாள் போர்வீரர் நாளாக அரசினால் கொள்ளப்பட்டது. அதற்கு முந்திய மே 18ஆம் நாளில், அப்போரில் மாண்ட உறவினரை எண்ணித் தமிழர் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகின்றனர்; உப்பும் அரிசியும் இட்ட கஞ்சியைப் பகிர்கின்றனர். ஒரே போரின் இருவேறு நினைவுகள் அடுத்தடுத்த நாள்களில் ஒன்றையொன்று காணாது கடந்து செல்கின்றன.

எம் ஊர்ப்புறத்தில் ஒரு முன்னாள் படைஞர் வாழ்கின்றார். வடக்கில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர், அரை ஏக்கர் தேயிலை வைத்துக் கொழுந்து விற்று வாழ்பவர், சிங்களவர். அந்நாளை எவ்வாறு கொண்டாடுகின்றீர் என ஒருமுறை வினவினேன். காலையிற் பதக்கங்களை அணிந்து சடங்கிற்குச் செல்வதாயும், நண்பகலில் விகாரையிற் தானம் கொடுப்பதாயும், மாலையிற் பழைய தோழர் நால்வர் ஐவர் தம் வீட்டிற் கூடி உண்பதாயும் சொன்னார். முகாமிற் சமைத்த கருகிய சோற்றையும், மழையில் ஒழுகிய கூடாரத்தையும் சொல்லிச் சொல்லி நகைப்பார்களாம். பின் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலிருந்து மீளாத தோழர் பெயர்களை ஒருவர் வாசிக்க, ஏனையோர் கேட்டிருப்பார்களாம். உண்டாட்டும் கொடையும் கல்லும் அவர் சொல்லில் ஒருங்கே இருந்தன. எதிர்ப்பக்கத்தில் இறந்தோரை அப்போது எண்ணுவதுண்டோ என்றும் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாது, சேர். தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனோ என்பதும் தெரியாது” என்றார். மழுப்பாது சொன்ன அவ்விடையை யான் மதிக்கின்றேன்.

அவர் வீட்டிலிருந்து ஒரு கல் தொலைவில் ஒரு தோட்ட லயம். அங்கே ஒரு முதியவள் ஆண்டுதோறும் மே மாதத்தில் தன் அறைவாயிலில் ஒரு விளக்கேற்றுவாள். 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்தினின்றும் வன்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று அவள் மகளுடையது. அவர்கள் படைஞரல்லர், எந்தப் பக்கத்திலும் படைக்கலம் ஏந்தியவரல்லர். இறுதிப் போரின் பின் அவர்களைப் பற்றி யாதொரு செய்தியும் வரவில்லை. அவர்களுக்குக் கல்லும் இல்லை, பூவும் இல்லை, நாட்காட்டியில் ஒரு நாளும் இல்லை. அவ்வறையில் வாழும் பேர்த்தியே அன்று வகுப்பில் எழுந்து நின்று “எல்லாருக்குமா?” என வினவியவள். பின்னரே யான் இதை அறிந்தேன்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் சில. படைஞர் தம் நாளிற் கூடி உண்டு நகைத்தல் இழுக்கன்று. உயிருடன் மீண்டமைக்கு நன்றி சொல்லும் முறை அது. அவர்க்கு உதவும் பொருட்டுத் திரட்டிய பொருள் அவரையே சென்று சேர்தல் வேண்டும்; ஊனமுற்றோர் நலனுக்கென 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரணவிரு சேவை அதிகாரசபை அமைந்த நாடு இது. ஆயினும், கொடை என்பது கொணர்ந்ததைத் தம்முள் மட்டும் பகிர்ந்துகொள்வதாகாது. வேண்டியோர்க்கெல்லாம் வழங்குதலே வெட்சியின் கொடை. கேகாலையின் நோயுற்ற ஊர்களுக்குச் சென்ற இளைஞர் அதையே செய்தனர். நினைவும் அத்தன்மைத்தே. தம் பக்கத்தாரை நினைத்தல் முதற் கடமை. அங்கேயே நின்றுவிடின் அது பாதி மௌனமாகும்.

இந்நாடு இதற்கு முன்மாதிரி அற்றதன்று. கண்டியின் போர்க்கல்லறையில் பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர் ஆகியோர் ஒருங்கே உறங்குகின்றனர். பகைநாட்டவரான இத்தாலியர் சிலரும் அங்குளர். ஒரே வகையான கற்கள், ஒரே புல்தரை. பிறர் நடத்திய போரில் இறந்த அயலார்க்குச் செய்யத் தெரிந்த நாம், நம் போரில் இறந்த நம்மவர்க்குச் செய்யக் கற்றுக்கொள்வது இயலாததன்று.

அம்மாணவி இப்போது உயர்தர வகுப்பிற் பயில்கின்றாள். அவள் வினாவிற்கு யான் தரவேண்டிய விடை காலந் தாழ்த்தியே வருகின்றது. அந்தப் பூவின் காசு எல்லாருக்கும் போகவில்லை, மகளே. முன்பு இந்நாட்டுப் படைஞர்க்கே போகவில்லை. அது தவறென்று ஒரு படைஞர் வேலியோரத்துப் பூவைக் கையிலெடுத்துக்கொண்டு தெருவில் நின்றார். பின் அது திருந்திற்று. இன்னும் போய்ச் சேராதவர் உளர். அவர்க்காகக் கேட்பதும் நினைவு நாளின் கடமையே.